கதையில் வரும் கொடுங்கோல் அரசு கார்ட்டூன் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

துறைமுகக்காற்று (டர்பன்)

வணக்கம். எதிர்காலத்தில் நடக்கும் ஒரு குறுநாவல், ஏறக்குறைய 32,000 சொல் முடிந்துவிட்டது. ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் துறைமுகம், கரும்புக்காடு, மலைச்சரிவில் அடுக்கிவைத்த வீடுகள் என்று வருவதால் நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிபட்டுவிடும். ஜனத்தொகை 4 லட்சம். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர், அட்டை காட்டினால்தான். மேலே 'தலைவர்' என்று ஒருவர். தெருவெல்லாம் கேமரா, கறுப்பு உடைக் காவலர்கள். 14ஆம் அத்தியாயத்தில் ஜனங்கள் தலைமையகத்தை வளைக்கிறார்கள், ஆட்சி கவிழ்கிறது.

படிக்கக் கொடுத்த மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடங்களில் கைவைத்தார்கள். தலைவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறதாம். இவ்வளவு மோசமான ஆட்சியை ஜனங்கள் ஏன் 30 வருஷம் பொறுத்தார்கள் என்று புரியவில்லையாம். அப்படிப் பொறுத்தவர்கள் ஒரே நாளில் எப்படி ஜெயித்தார்கள் என்பது அதைவிடப் புரியவில்லையாம்.

அடக்குமுறையை எந்தப் பாகத்திலிருந்து கட்டத் தொடங்குவது? போராட்டத்தை எங்கே செருகுவது? பொதுவான அறிவுரை வேண்டாம். பிரித்து மாட்டுகிற அளவுக்குச் சொன்னால் நல்லது.

பழங்கோப்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதல் வேலை, தலைவரைக் கழற்றுங்கள். புத்தகம் முழுக்க இரண்டு இடத்தில் அவர் படம் சுவரில் தொங்கினால் போதும். சாதாரண ஆளை அதிகாரம் தொடுகிற இடம் கவுண்டர். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குச் சம்பளம், ஓய்வூதியம், வீட்டில் ஒரு நோயாளி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் எல்லாம் உண்டு. அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. "இந்தப் படிவத்தில் போன மாதத்து முத்திரை இல்லையே" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னால் வாசகருக்கு வயிறு கலங்கும்.

இரண்டாவது, சட்டத்தை எழுதுங்கள். கதைக்குள் வைக்க அல்ல, உங்கள் மேசைக்கு. ஒரு பக்கம், ஏழெட்டுப் பிரிவு. யாருக்குப் பொருந்தும், யாருக்கு விலக்கு, எந்த ஆவணம், யார் கையெழுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை, தவறினால் என்ன, மேல்முறையீடு எங்கே. விலக்குப் பட்டியலை மறக்காதீர்கள். ஜனங்கள் 30 வருஷம் ஏன் பொறுத்தார்கள் என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான். எல்லோரையும் ஒரே மாதிரி நசுக்கும் அரசு சீக்கிரம் விழுந்துவிடும். நிலைக்கிற அரசு படிக்கட்டு கட்டும், ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒரு படி இருக்கும்.

மாதிரிக்கு நம் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் காலத்து நகர்ப்பகுதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பாருங்கள், 1952 திருத்தத்துக்குப் பிந்தைய வடிவத்தை. கறுப்பின மக்களில் ஒருவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. தங்க வேண்டுமானால் அங்கேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது ஒரே முதலாளியிடம் இடைவிடாமல் 10 ஆண்டு வேலை. அல்லது அதே பகுதியில் சட்டப்படி, இடைவிடாமல் 15 ஆண்டு குடியிருப்பு. அல்லது அப்படித் தகுதி பெற்றவரின் மனைவி, மணமாகாத மகள், வயது வராத மகன். இதில் எதுவும் இல்லையென்றால் தொழிலாளர் அலுவலக அனுமதி. எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாள ஆவணமான பாஸ் புத்தகத்தில் முதலாளி மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் அவர் மறந்தால் சிறைக்குப் போவது தொழிலாளி.

கொடுமையின் உச்சம் இதற்குப் பிறகு. 1968இல் வந்த விதிகள் வேலை ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குச் சுருக்கின. வருஷா வருஷம் ஊருக்குத் திரும்பிப் போய்ப் புது ஒப்பந்தம் போட்டு வர வேண்டும். ஆகவே 20 வருஷம் ஒரே தொழிற்சாலையில் நின்றவருக்கும் 'இடைவிடாத 10 ஆண்டு' பிறக்கவே பிறக்காது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு பிரிவையும் நீக்கவில்லை. காலண்டரை மட்டும் வெட்டினார்கள்.

அந்த வெட்டிலேயே ஓட்டையும் இருந்தது. ரிக்கோட்டோ என்ற தொழிலாளியின் வழக்கில், வருஷாந்தரப் பயணம் வேலை முறிவு ஆகாது, அது விடுப்பு என்று வாதம். 1983இல் உச்ச மேல்முறையீட்டு அமர்வு அதை ஏற்றது. 'முறிவு' என்ற ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய சண்டை அது! உங்கள் கதையில் அப்படி ஒரு சொல் எது என்று தேடிவையுங்கள்.

கூட்டிக்கழித்து

கேமராவைப் பற்றி மட்டும். 4 லட்சம் பேர், 100 பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்றாலே 4,000 பேர். மூன்று ஷிஃப்டுக்கு 12,000. விடுமுறை, நோய் எல்லாம் சேர்த்தால் 14,000ஐத் தாண்டும். இவர்களுக்கு எவ்வளவு தண்ணீர்? இவர்களை யார் பார்ப்பது? கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று எழுதாதீர்கள். கம்ப்யூட்டர் ஒரு முகத்தைத் தப்பாக அடையாளம் காட்டினால் போய்க் கதவைத் தட்ட ஆள் வேண்டுமல்லவா.

உண்மை அரசுகள் இந்தச் செலவை ஜனங்கள் தலையிலேயே கட்டின. மேலே சொன்ன மாதாந்தரக் கையெழுத்து அதுதான், முதலாளியைச் சம்பளமில்லாத காவலராக்கும் வேலை. உங்கள் கதையில் 20 வீட்டுக்கு ஒரு குழாய் வையுங்கள், குழாய்க்கு ஒரு பொறுப்பாளர், அவர் கையில் சாவி. கூலி, நாளுக்கு 5 லிட்டர் அதிகம். வீட்டுக்கு 5 பேர் என்றால் 80,000 வீடு, 4,000 பொறுப்பாளர், மொத்தச் செலவு நாளுக்கு 20,000 லிட்டர். ஊர் குடிக்கிற ஒரு கோடி லிட்டரில் அது 0.2 சதவீதம். 14,000 சம்பளக்காரர்களைவிட எவ்வளவு மலிவு என்று பாருங்கள்.

வாசுகி_ரோஸ்ஹில் (மொரீஷியஸ்)

25 லிட்டர் என்று வைத்தது நன்றாக இருக்கிறது தம்பி. தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கணக்கே 8 பேர், 25 லிட்டர், 30 நாள் என்று பெருக்கி வந்ததுதானே. ஆனால் வரைவில் தண்ணீர் அளவாக மட்டும் இருக்கிறது, இன்னும் தண்டனையாகவில்லை. அதை எப்படித் திருப்புவது என்பதற்கு எங்கள் தீவில் ஒரு பழைய கருவி உண்டு: டபுள் கட். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலி ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். காய்ச்சலில் கிடந்தால்கூட, தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவில் பெயர் ஏறாவிட்டால் அது 'வராத நாள்'தான்.

இதை உங்கள் அட்டைக்கு மாற்றுங்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் தண்ணீர் வெட்டு. மூன்று நாள் காய்ச்சல் என்றால் 150 லிட்டர் போச்சு. 150 லிட்டர் இல்லாமல் வீடு நடக்காது, அதனால் பொறுப்பாளரிடம் கடன். அவர் 5 கொடுத்து 6 வாங்குகிறார். ஆகவே 180 திருப்ப வேண்டும். நாளுக்கு 5 லிட்டர் மிச்சம் பிடித்தாலும் 36 நாள். அதற்குள் இன்னொரு காய்ச்சல் வராமல் இருக்குமா? வாசகரிடம் "இது கடன்பொறி" என்று சொல்லவே வேண்டாம். ஒரு பாட்டி சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே வரட்டும்.

உங்கள் டர்பன் இருக்கும் நேட்டாலில் இதே சூத்திரம் வரி உருவத்தில் வந்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டம்: ஒப்பந்தம் முடிந்தவர் இந்தியா திரும்ப வேண்டும், இல்லை மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இல்லை வருஷத்துக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அந்தக் கூலியில் ஆறு மாதம். பிறகு 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்பிள்ளைகளுக்கும் வரியை நீட்டினார்கள். அப்பா, அம்மா, பெரிய பையன், பெண் என்றால் 12 பவுண்டு. யாரையும் சங்கிலி போட்டு இழுக்கவில்லை. 'விருப்பப்பட்டு' மறு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். உங்கள் கதையில் யாருமே எதற்கும் சம்மதிப்பதில்லை, எல்லாம் பலவந்தம். சம்மதக் கையெழுத்து வாங்கும் காட்சி ஒன்றாவது வேண்டும். கார்ட்டூன் வாடை அங்கே போகும்.

இன்னொன்று. மொரீஷியஸில் 1867 சட்டம், ஒப்பந்தம் முடிந்த பழைய குடியேறிகளையும் புகைப்படம் ஒட்டிய பாஸ் சுமக்க வைத்தது. அந்தக் காலத்தில் கூலிக்காரர் வீட்டில் வேறு போட்டோ ஏது? குடும்பத்தில் ஒரு முகம் முதன்முதலாகப் படமானது போலீசுக்காக. இந்த மாதிரி ஒரு பொருளைக் கதைக்குள் வைத்துவிட்டால் இரண்டு பக்க விளக்கம் மிச்சம்.

துறைமுகக்காற்று (டர்பன்)

வாசுகி அக்கா, கரிக்கோடு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பொறுப்பாளரை வில்லனாக்காமல் எப்படி வைப்பது? அவர் நம் ஆளாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் வாசகர் அவரைத் துரோகி என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவார்களே.

பழங்கோப்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள், அந்த நாற்காலி உண்மையிலேயே எதையாவது செய்யட்டும். 1984இன் மூன்று அவை நாடாளுமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45, கறுப்பின மக்களுக்குப் பூஜ்யம். இரண்டு சின்ன அவையும் ஒன்றுசேர்ந்தால்கூட 130. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் 50, 25, 13. கூட்டிப் பாருங்கள், எப்படிக் கூட்டினாலும் ஒரே பதில். பள்ளிக்கூடம், வீட்டுவசதி போன்ற 'சொந்த விவகாரம்' மட்டும் அந்தந்த அவைக்கு. அதிலும் எது சொந்தம், எது பொது என்று முடிவு செய்வது ஜனாதிபதி.

ஆனால் அந்த அவையில் உட்கார்ந்தவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை வாங்கித் தந்திருக்கலாம், ஒரு விதவைக்கு வீடு வாங்கித் தந்திருக்கலாம். அதுதான் விஷயம். உங்கள் பொறுப்பாளர் ஒரு பிரசவ வீட்டுக்கு இரவில் 10 லிட்டர் திருட்டுத்தனமாகக் கொடுக்கட்டும். மறுநாள் அதே சாவியால் இன்னொரு வீட்டை அடைக்கட்டும். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்யட்டும். தேர்தல் நாளில் இந்தியர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார்கள். புறக்கணித்த நான்கு பேருக்கும் போய் வாக்களித்த ஒருவருக்கும் ஒரே தெருவில் வீடு. அந்தத் தெருவை எழுதுங்கள்.

தோட்டக்காலத்துச் சர்தாரை, அதாவது கூலிகளை மேய்த்த மேற்பார்வையாளரைப் பற்றியும் யோசியுங்கள். துரையின் மொழி புரிந்தவர் அவர் ஒருவர்தான். கூலிகளின் மனுவைச் சொல்பவரும் அவர்தான், அதை மென்று விழுங்குபவரும் அவர்தான். மொழிபெயர்ப்பாளன் கையில் இருக்கும் அதிகாரத்தை நம் கதைகள் போதுமான அளவு தொடவில்லை என்பது என் எண்ணம்.

நடைக்காரன் (லெனேசியா)

போராட்டத்துக்கு வருகிறேன். 14ஆம் அத்தியாய முற்றுகையைத் தூக்கிப்போடுங்கள். கூட்டம் கட்டடத்தை வளைத்தால் அரசு ஏன் விழ வேண்டும்? கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது? போராட்டம் எந்தப் பல்சக்கரத்தில் அரசு ஓடுகிறதோ அதில் கல்லைப் போட வேண்டும். பழங்கோப்பு சொன்ன ஒரு பக்கச் சட்டத்தை எழுதிவிட்டால் கல் போடும் இடம் தானாகத் தெரியும்.

ஆவணத்தில் ஓடும் அரசு என்றால் ஆவணம். 1908 ஆகஸ்ட் 16, ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வாசலில் இந்தியர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பதிவுச் சான்றிதழ்களில் 2,000க்கு மேற்பட்டவற்றைப் பெரிய கொப்பரையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். இதில் எழுத்தாளர் கவனிக்க வேண்டியது நெருப்பை அல்ல, எண்ணிக்கையை. ஒருவர் கொளுத்தினால் அது குற்றம். இரண்டாயிரம் பேர் கொளுத்தினால் சிறையில் இடம் போதாது. உங்கள் ஊரில் சிறைக்கு எத்தனை இடம்? அந்த எண் கதையில் எங்காவது சாதாரணமாக வந்துபோயிருக்க வேண்டும், முற்பகுதியிலேயே.

காசில் ஓடினால் காசு. 1957 ஜனவரி, ஜோகன்னஸ்பர்க் அருகே கறுப்பின மக்கள் குடியிருப்பான அலெக்சாண்ட்ராவில் பேருந்துப் புறக்கணிப்பு. கட்டணம் 4 பென்னியிலிருந்து 5 பென்னி. ஒரு பென்னிக்காக ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் வேலைக்கு நடந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் சுமார் 15 கிலோமீட்டர். முழக்கம் ஒரே சொல்: அசிக்வெல்வா, ஏறமாட்டோம். போலீஸ் என்ன செய்தது தெரியுமா? சவாரி கொடுத்த கார்களை நிறுத்திச் சோதனை போட்டது, சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கியது. டாங்கி வருவதைவிட, சீருடைக்காரன் குனிந்து உட்கார்ந்து சைக்கிள் வால்வைத் திருகுவது எவ்வளவு கேவலமான காட்சி! எழுத இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. கடைசியில் வணிகர்கள் தரப்பு இறங்கிவந்து, பயணிகளுக்குப் பழைய 4 பென்னியே நிலைத்தது.

தலைவர்களைப் பிடித்தால் போராட்டம் படுத்துவிடும் என்றால், தலைவரே இல்லாமல் நடத்துங்கள். 1973 ஜனவரி 9, உங்கள் டர்பனிலேயே கரோனேஷன் செங்கல் ஆலை. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள் என்றது நிர்வாகம். தொழிலாளர்கள் மறுத்தார்கள், பிரதிநிதி என்று முன்னால் நின்றவன் நாளைக்கு வேலையில் இருக்கமாட்டான் என்று தெரியும். கூட்டமாகவே கோரிக்கையைச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் ஊர் முழுக்கப் பரவியது. கதையில் இது சிக்கலான வடிவம்தான், ஏனென்றால் நாவலுக்கு நாயகன் வேண்டுமே. நாயகியை மைதானத்தின் பின்வரிசையில் நிறுத்துங்கள், முன்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் சரியாகத் தெரியக்கூடாது.

பிறகு பதிலடி. இங்கேதான் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் சறுக்கும்: அரசு சுடும், அவ்வளவுதான். சுடும், உண்மை. ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 1960 மார்ச் 21 அன்று 69 பேர் செத்தார்கள் என்பது அன்றைய கணக்கு. ஆனால் அரசு யோசிக்கவும் செய்யும். 1952 சட்டமறுப்பு இயக்கத்தில் 8,000க்கு மேற்பட்டோர் வேண்டுமென்றே சின்னச் சின்ன விதிகளை மீறிச் சிறை சென்றார்கள், வெள்ளையர் வாசலில் நுழைவது போன்றவை. மறுவருஷமே புதுச் சட்டம். அதே சின்ன மீறலை எதிர்ப்புக்காகச் செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 300 பவுண்டு வரை அபராதம், 10 கசையடி வரை. செயல் ஒன்றுதான், நோக்கத்துக்குத் தனி விலை. இயக்கம் நின்றுபோனது. உங்கள் அரசுக்கும் இப்படி ஒரு மூளை வேண்டும். ஜனங்கள் ஒரு படி போனால் அதுவும் ஒரு படி போகட்டும், மூன்று சுற்றாவது.

இன்னொரு பதிலடியைச் சொல்லாமல் விட மனமில்லை. வாசுகி சொன்ன 3 பவுண்டு வரியை எதிர்த்து 1913இல் நடந்த வேலைநிறுத்தத்தில் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களின் இந்தியத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். நவம்பரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். கைதுசெய்து திருப்பிக் கொண்டுவந்த பிறகு அரசு என்ன செய்தது? சுரங்க வளாகங்களையே சிறையின் கிளை என்று அறிவித்தது. சுரங்கத்து மேற்பார்வையாளர்கள் சிறைக்காவலர் ஆனார்கள். கடுங்காவல் தண்டனை, எந்தச் சுரங்கத்தை விட்டு வந்தார்களோ அதே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுவது. இதைக் கற்பனையில் எழுதினால் மிகை என்பார்கள். உங்கள் தண்ணீர் ஏற்றுநிலையத் தொழிலாளர்கள் நிறுத்தினால் ஏற்றுநிலையமே சிறையாகட்டும்.

ஒற்றெழுத்து

கட்டுமானத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் மொழியைச் சொல்கிறேன். இந்த வகைக் கதையைத் தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு வரம் உண்டு, செயப்பாட்டுவினை. "குழாய் மூடப்படும்." "பெயர் நீக்கப்பட்டுள்ளது." மூடியவர் யார், நீக்கியவர் யார் என்று வாக்கியத்தில் ஆளே இருக்கமாட்டார். சாதாரண உரைநடையில் எரிச்சலூட்டும் இந்தப் 'படு'வை அரசு அறிவிப்புகளுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். கதைசொல்லியின் வாக்கியங்களில் எழுவாய் எப்போதும் தெளிவாக இருக்கட்டும். பத்துப் பக்கத்தில் வாசகருக்குக் காது பழகிவிடும். பிறகு ஒரு நாள் நாயகியின் அம்மா வீட்டுக்குள் பேசும்போது "அது முடிவு செய்யப்பட்டுடுச்சு" என்கிறாள் என்று வையுங்கள். அரசு எங்கே வரைக்கும் வந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீ, நீங்கள் வேறுபாடும் அப்படித்தான். கவுண்டரில் இருபது வயதுப் பையன் அறுபது வயதுக்காரரை 'நீ' என்கிறான், பக்கத்தில் நிற்கும் பேரன் கேட்கிறான். இதற்கு மேல் அடி உதை எதற்கு? எதிர்ப்பு முதலில் தெரியும் இடமும் இதுவாகலாம். கிழவர் பதிலுக்கு 'தம்பி, நீங்க' என்று அளவுக்கு மீறிய மரியாதையோடு பேச ஆரம்பிக்கட்டும், வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொள்ளட்டும்.

சட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது பயமுறுத்தாதீர்கள். உங்கள் வரைவில் 'அடக்குமுறை ஆணை 7' என்று இருக்கிறது. எந்த அரசும் தன் சட்டத்துக்கு அப்படிப் பெயர் வைக்காது. 1952இல் கறுப்பின மக்கள் அனைவரையும் ஒரே பாஸ் புத்தகத்துக்குள் அடைத்த சட்டத்தின் தலைப்பில் 'பாஸ் ஒழிப்பு' என்ற சொல்லே இருந்தது. 1959இல் பல்கலைக்கழகக் கதவுகளை இனவாரியாக அடைத்த சட்டத்தின் பெயர் 'பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கம்'. உங்களுடையது 'நீர்ப் பகிர்வு உரிமைச் சட்டம்' என்று இருந்தால் போதும். ஜனங்கள் அதற்கு வைக்கும் பட்டப்பெயர் வேறாக இருக்கட்டும். பாஸ் புத்தகத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் டோம்பாஸ், முட்டாள் பாஸ். அட்டையை உங்கள் ஊர் என்ன சொல்லித் திட்டும்?

தணிக்கை பற்றி ஒரு வரி. 'தடைசெய்யப்பட்டவர்' என்ற நிலை இந்த நாட்டில் இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு மாவட்டத்தை விட்டு நகரக்கூடாது, கூட்டத்தில் கலக்கக்கூடாது, அவர் சொன்னதை யாரும் மேற்கோள் காட்டக்கூடாது. உயிரோடு எதிர்வீட்டில் இருப்பார், ஆனால் அச்சில் இல்லை. கதையில் ஒரு பாத்திரத்துக்கு இந்தத் தடை வந்ததும் அவர் வசனங்களை நிறுத்திவிடுங்கள். மேற்கோள்குறி திறக்கும், மூடும், உள்ளே வெற்றிடம். இரண்டு இடத்துக்கு மேல் செய்தால் தந்திரமாகிவிடும்.

துறைமுகக்காற்று (டர்பன்)

இரண்டு நாளாக மேசையில் சட்டம் எழுதினேன். சுருக்கம்: நீர்ப் பகிர்வு உரிமைச் சட்டம். ஒரே குழாயில் இடைவிடாமல் 10 ஆண்டு பதிவு இருந்தால் வீட்டுக்குத் தனிக்குழாய். வராத நாளுக்கு இருமடங்கு வெட்டு. வெட்டு நடந்தால் பதிவு முறிந்து மறுபடி ஒன்றிலிருந்து. சாவி பொறுப்பாளரிடம். நாயகிக்கு 9 ஆண்டு 11 மாதம் ஆகியிருக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல். முடிவில், சாவிகளை எல்லாம் பொறுப்பாளர்களே ஒப்படைத்துவிடுகிறார்கள், ஆட்சி கவிழ்கிறது. சரியா?

கூட்டிக்கழித்து

வெட்டு நடந்தால் பதிவு முறியும் என்றால் 10 ஆண்டில் ஒரு தடவைகூடக் காய்ச்சல் வராதவர் எத்தனை பேர்? கிட்டத்தட்ட யாருமில்லை. யாருக்கும் கிடைக்காத பரிசை யாரும் நம்பமாட்டார்கள். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது தனிக்குழாய் இருக்க வேண்டும், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நிற்க வேண்டும். 20 வீட்டில் ஒன்று. வெட்டு மூன்று தடவை வரை மன்னிப்பு என்று வையுங்கள். நாயகிக்கு இது நான்காவது.

வாசுகி_ரோஸ்ஹில் (மொரீஷியஸ்)

காய்ச்சல் அம்மாவுக்கு என்றால் வராத நாள் யாருடையது? மகள் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றதால் அவளுடையது. அதைத் தெளிவாக்குங்கள். அம்மா எழுந்து "நீ போ, எனக்கு ஒண்ணுமில்ல" என்று பொய் சொல்லும் காட்சி அங்கேதான் இருக்கிறது.

நடைக்காரன் (லெனேசியா)

முடிவு பற்றி: 4,000 பொறுப்பாளரும் ஒரே நாளில் சாவியைக் கொடுப்பது பழைய முற்றுகைதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. 1914இல் 3 பவுண்டு வரி ஒழிந்தது, மதச்சடங்குப்படி நடந்த திருமணங்களுக்கு வழி பிறந்தது. ஆனால் குடியேற்றத் தடைகள் நின்றன, வாக்குரிமை வரவில்லை. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, அங்கே நோயுற்று வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தாள், வரி ஒழிந்ததை அவள் பார்க்கவில்லை. 1957இல் ஒரு பென்னி வெற்றி, பாஸ் சட்டம் ஒழிய 1986 ஆனது. ஆட்சியைக் கவிழ்க்காதீர்கள். ஒரு பிரிவு மட்டும் விழட்டும்.

ஒற்றெழுத்து

இதில் எனக்கு உடன்பாடில்லை. பாதி வெற்றியில் முடிப்பதே இப்போது ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. 32,000 சொல் கூடவே நடந்த வாசகருக்கு ஒரு முழு மூச்சு தர வேண்டாமா? 1989 செப்டம்பர் 2, கேப்டவுனில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஊர்வலத்தில் போலீஸ் ஊதாச் சாயம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சியது, நனைந்தவர்களைப் பிறகு அடையாளம் கண்டு பிடிக்கலாம் என்று. ஒருவர் வண்டி மேல் ஏறிக் குழாயைத் திருப்பிவிட்டார். ஆளுங்கட்சி அலுவலகம் வரைக்கும் ஊதா. 'ஊதாதான் ஆளும்' என்று சுவரில் எழுதினார்கள். தண்ணீர் பற்றிய கதைக்கு இதைவிட நெருக்கமான முடிவு எங்கே கிடைக்கும்?

நடைக்காரன் (லெனேசியா)

அந்த ஊதா நாளிலும் நிறையப் பேர் கைதானார்கள். குழாய் திரும்பிய நிமிஷத்தை முழு மூச்சாக எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது. அடுத்த பக்கத்தில் சட்டை காயவேண்டும், சாயம் போகாது என்றுதான் சொல்கிறேன்.

பழங்கோப்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இருவரும் சொல்வதை ஒரே காட்சியில் வைக்க இடமுண்டு. 'முறிவு' என்ற சொல்லை மறந்துவிட்டீர்கள். நாயகியின் நான்காவது வெட்டு அம்மாவின் காய்ச்சலுக்காக. சட்டத்தில் 'பணி முறிவு' என்று இருக்கிறது, 'பராமரிப்பு விடுப்பு' என்று எங்கோ ஒரு பழைய சுற்றறிக்கையில் இருக்கிறது. சுற்றறிக்கையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது கவுண்டர்காரர், முதல் அத்தியாயத்தில் "போன மாதத்து முத்திரை இல்லையே" என்றவர். கொடுத்த மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள். ஏற்றுநிலைய நிறுத்தம் வெளியே நடந்துகொண்டிருக்கட்டும். சுற்றறிக்கை எண் வரிசையில் வாய்வழியாகப் பரவட்டும், மறுநாள் காலை ஆயிரம் பேர் அதே எண்ணைச் சொல்லிப் படிவம் கேட்கட்டும். அச்சடித்த படிவம் 200தான் இருக்கிறது.

துறைமுகக்காற்று (டர்பன்)

200 படிவம் போதும், எடுத்துக்கொண்டேன். 14ஐ இன்றிரவு கிழிக்கிறேன். சுற்றறிக்கைக்கு எண் மட்டும் வேண்டும், ஜனங்கள் வாயில் சட்டென்று நிற்கிற மாதிரி.

ஒற்றெழுத்து

மூன்று இலக்கத்துக்கு மேல் போகாதீர்கள். 'ஏழு பாரு எட்டு' என்று சிறுவர்கள் தாண்டிக் குதித்துப் பாட வருகிற மாதிரி, 7 பார் 8.